தேயிலையைக் காத்த குளவி

மலையகத்தில் குளவி என்றால் பயம்தான். கண்டியைச் சுற்றியுள்ள கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போனவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட செய்தி மலையக வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. செடியின் அடர்த்திக்குள்ளோ நிழல் மரத்தின் கிளையிலோ கூடு இருக்கும். பறிப்பவரின் கை படும்வரை அது கண்ணில் படாது. ஒரு குளவி கொட்டும்போது விஷத்தோடு ஒரு வாசனையும் வெளியாகிறது. அந்த வாசனை பட்டதும் கூட்டிலுள்ள மற்றவையும் அதே ஆளை நோக்கித் திரண்டு வரும். மலைத்தேனீயிடமும் இதே பழக்கம் உண்டு. முதுகில் கூடையோடு சரிவான மலையில் நிற்கும் ஒரு பெண்ணால் எவ்வளவு தூரம் ஓட முடியும்?

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இதே மலைகளின் தேயிலையை 1930களில் ஒரு புழுவிடமிருந்து மீட்டதும் குளவி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பூச்சிதான். அதன் பெயர் மாக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே. ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது மனிதரைக் கொட்டாது, கூடு கட்டாது, கூட்டமாக வாழாது. தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார்கள். 1950களில் வேறொரு பூச்சியைக் கொல்ல அடித்த மருந்து இந்தக் குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த புழு மறுபடி தலைதூக்கியது. இயற்கையில் பூச்சிகளுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் பதில் இந்தக் கதை.

கதைக்குப் போகுமுன் பூச்சியின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி, மார்பில் ஆறு கால், பெரும்பாலானவற்றுக்கு இறக்கை. எட்டுக்கால் பூச்சி என்று நாம் சொல்லும் சிலந்தி இந்தக் கணக்கில் சேராது. பூச்சிக்கு எலும்பு உள்ளே இல்லை. கைட்டின் என்ற பொருளாலான கெட்டியான மேலுறைதான் அதன் எலும்புக்கூடு. மேலுறை வளராது என்பதால் உடம்பு வளர வளர அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை உருவாக்கிக்கொள்ள வேண்டும். மூச்சு விடுவது மூக்காலோ நுரையீரலாலோ அல்ல. உடம்பின் பக்கவாட்டில் வரிசையாக நுண்துளைகள் உண்டு. அவற்றிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் குழாய்கள் காற்றை நேரே ஒவ்வொரு திசுவுக்கும் கொண்டுபோகின்றன. பூச்சிகள் சிறியனவாகவே இருப்பதற்கு இந்தச் சுவாசமுறையும் ஒரு காரணம். மேலுறையின் வெளிப்பூச்சு மெழுகுத் தன்மை கொண்டது. உடம்பு காய்ந்துவிடாமல் காப்பது அதுதான். கொழுப்பில் கரையும் நஞ்சுகள் உள்ளே நுழைவதும் அதன் வழியாகத்தான். இலைமேல் காய்ந்து கிடக்கும் மருந்தின்மேல் வெறுமனே நடந்தாலே ஒரு பூச்சி சாவது இதனால்தான்.

பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் உலகில் சுமார் 10 லட்சம். மனிதன் பெயர் வைத்திருக்கும் உயிரினங்களில் பாதிக்கு மேல் இவைதான். அவற்றில் எறும்பும் தேனீயும் குளவியும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசையில் மட்டும் ஒன்றரை லட்சம் இனங்களுக்கு மேல் உண்டு. கூடு கட்டிக் கூட்டமாக வாழும் குளவிகள் அதில் மிகச் சிறு பங்கு. பெரும் பங்கு, பிற பூச்சிகளின் உடம்பில் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள். நம்மைக் கொட்டும் கொடுக்கு ஆதியில் ஆயுதம் அல்ல, முட்டையிடும் குழாய். ஒட்டுண்ணிக் குளவிகளிடம் அது இன்றும் முட்டையிடும் குழாயாகவே இருக்கிறது. கூட்டுக் குளவியிடமும் தேனீயிடமும் விஷ ஊசியாக மாறிவிட்டது. ஆண் குளவி கொட்டாததன் காரணமும் இதுவே. பறிப்பவர்களைக் கொட்டும் கொடுக்கும் தேயிலையைக் காத்த குழாயும் ஒரே உறுப்புத்தான்.

இனித் தேயிலை. கண்டி மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பி இலைத் துரு என்ற பூஞ்சை நோய் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி ஏறக்குறைய முழுதாக அழிந்து, அந்த மலைகளெல்லாம் தேயிலையாயின. காட்டை வெட்டி மலைக்கு மலை ஒரே செடியை நட்டால், அந்தச் செடியைத் தின்னும் எந்தப் பூச்சிக்கும் அது எல்லையற்ற சாப்பாடு. அதன் எதிரிகளுக்கு வேண்டிய மரமும் பூவும் புதரும் அங்கே இல்லை. மலைநாட்டில் பூச்சித் தொல்லை தொடங்கிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பூச்சியைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

கோப்பிக் காலத்திலேயே ஜோன் நீட்னர் என்ற ஜெர்மன் தோட்டக்காரர் கோப்பியின் எதிரிகளை உட்கார்ந்து கவனித்து எழுதினார். 1861இல் அவர் பெயரிட்ட ஓர் அந்துப்பூச்சி ஹோமோனா கொஃபேரியா. கோப்பி போனதும் அது தேயிலைக்கு வந்துவிட்டது. ஆங்கிலத் தோட்ட நிர்வாகம் அதை டீ டோர்ட்ரிக்ஸ் என்றது; தமிழில் இலை பிணைக்கும் புழு எனலாம். தாய் அந்து இலையின் மேற்பரப்பில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று படிய இடும். பொரித்து வரும் புழு நூல் விட்டுக் காற்றில் தொங்கி அடுத்த செடிக்குப் போகும். பிறகு இரண்டு மூன்று இலைகளைப் பட்டு நூலால் சேர்த்துக் கட்டி உள்ளே இருந்தபடி தின்னும். அந்த இலைக்கட்டைப் பிரித்தால் பச்சை நிறப் புழு ஒன்று விருட்டென்று பின்பக்கமாக நெளிந்து, நூலில் இறங்கித் தப்பிவிடும். உள்ளேயே கூட்டுப்புழுவாகி, அந்தாகி வெளியேறும். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து என்ற முழு உருமாற்றத்தில் தின்னும் பருவமும் பறக்கும் பருவமும் தனித்தனி. செடியைத் தின்பது புழு மட்டுமே; அந்து இனம் பெருக்கவும் இடம் மாறவும் மட்டும் வாழ்கிறது.

இலைக்கட்டுக்குள் இருக்கும் புழுவை எட்டுவது கடினம். முட்டைத் திட்டுகளைக் கையால் பொறுக்கி அழிப்பதே அன்று கையில் இருந்த முக்கிய வழி. மலை மலையாகப் பொறுக்கினாலும் புழு தீரவில்லை.

1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பிறகு தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அதன் விஞ்ஞானிகள் வேறு வழியில் யோசித்தார்கள். இந்தப் புழு வாழும் மற்ற நாடுகளில் இதை எது தின்கிறது? ஜாவாவில் விடை இருந்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் மாக்ரோசென்ட்ரஸ் அங்கிருந்து கொண்டுவரப்பட்டு, பெருக்கப்பட்டு, தோட்டங்களில் விடப்பட்டது. சில வருடங்களில் அது நிலைத்துப் பரவியது. புழு பெரும் தொல்லை என்ற நிலையிலிருந்து இறங்கியது. வெப்பமண்டலப் பயிர்களில் உயிரியல் கட்டுப்பாடு வெற்றி பெற்றதற்கு இன்றும் பாடநூல்கள் காட்டும் உதாரணங்களில் இது ஒன்று.

அந்தக் குளவி செய்வதை நெருங்கிப் பார்ப்போம். ஒல்லியான உடம்பு, நீண்ட உணர்கொம்பு, வால்போல நீண்ட முட்டைக் குழாய். பெண் குளவி இலை இலையாக நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டித் தேடும். புழு இருக்கும் கட்டைக் கண்டதும் நீண்ட குழாயை இலைகளின் இடுக்குக்குள் செலுத்திப் புழுவின் உடம்புக்குள் முட்டை இடும். மனிதக் கைக்கும் மருந்துக்கும் எட்டாத இடம் அந்தக் குழாய்க்கு எட்டுகிறது. அதன்பிறகு நடப்பது வியப்பானது. உள்ளே போன ஒரே முட்டை பிரிந்து பிரிந்து பல கருக்களாகிறது. ஒரே பிரசவத்தில் இரட்டைப் பிள்ளை பிறப்பதன் பன்மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். புழு எதுவும் நடக்காததுபோலத் தின்று வளர்ந்துகொண்டே இருக்கும். அது முழு வளர்ச்சி அடையும் வேளையில் குளவியின் குஞ்சுகள் அதன் தோலைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிய கூடுகளைப் பின்னிக்கொள்ளும். அந்து வர வேண்டிய இலைக்கட்டிலிருந்து குளவிக் கூட்டம் வெளியேறும். இந்தப் பல்கருப் பெருக்கத்தைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கேட் 1946இல் விரிவாக எழுதினார்.

இது புழுவை ஒழித்துக்கட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒழித்திருந்தால் குளவியும் பட்டினியால் செத்திருக்கும். புழு கூடும்போது குளவி கூடும். புழு குறைந்தால் குளவியும் குறையும். நட்டம் தராத அளவில் இரண்டும் தொடர்ந்து இருந்தன. ஒரு செலவும் இல்லாமல், யாரும் மேற்பார்வை பார்க்காமல், ஒவ்வொரு மலையிலும் இது நடந்துகொண்டிருந்தது.

அதைக் குலைத்தது இன்னொரு பூச்சியின்மேல் வந்த கோபம். நாவலப்பிட்டிப் பக்கம் கிரேக்ஹெட் தோட்டத்தில் 1892இல் தேயிலைத் தண்டைத் துளைக்கும் ஒரு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. உயர்ந்த குளிர் மலைகளைவிடக் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி போன்ற நடுத்தர உயரப் பகுதிகளில்தான் அது அதிகம். பெண் வண்டு கறுப்பு, இரண்டரை மில்லிமீட்டர் அளவு. அது தண்டில் குண்டூசி நுழையும் அளவு துளை போட்டு உள்ளே வளையம்போலச் சுரங்கம் வெட்டும். ஆனால் மரத்தை அது தின்பதில்லை. வாயிலுள்ள சிறு பைகளில் ஒரு பூஞ்சையின் வித்துகளைச் சுமந்து வந்து, சுரங்கச் சுவரில் அதைப் பயிர் செய்து, அந்தப் பூஞ்சையைத்தான் தானும் தின்று குஞ்சுகளுக்கும் ஊட்டும். கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். ஆணுக்குப் பறக்கத் தெரியாது; பிறந்த சுரங்கத்துக்குள்ளேயே உடன்பிறந்த பெண் வண்டுகளோடு கூடிவிட்டு அங்கேயே சாகும். பெண்கள் கருவுற்ற நிலையில், பூஞ்சையையும் எடுத்துக்கொண்டு வெளியேறும். புதிய தண்டில் ஒரு குடும்பத்தைத் தொடங்க ஒரே ஒரு பெண் வண்டு போதும். அதன் நெருங்கிய உறவு இனம் ஒன்று இன்று கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாபிரிக்காவிலும் தோட்ட மரங்களையும் தெருவோர மரங்களையும் சாகடித்துக்கொண்டிருக்கிறது.

சுரங்கம் விழுந்த கிளை பறிப்பவர் உரசினாலே முறியும். கவ்வாத்து வெட்டிய பிறகு துளிர்த்து வரும் இளங்கிளைகளுக்கு இந்தச் சேதம் அதிகம். 1950களில் இதற்கு டீல்ட்ரின் என்ற மருந்து அடிக்கப்பட்டது. டி.டி.டி. வகையறாவைச் சேர்ந்த, மாதக்கணக்கில் சிதையாமல் தங்கும் நஞ்சு அது. தண்டில் நீண்ட நாள் தங்கும் என்பதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. வண்டு குறைந்தது. ஆனால் மருந்து அடித்த மலைகளில், இருபது வருடமாக அடங்கிக் கிடந்த இலை பிணைக்கும் புழு பெருக்கெடுத்தது.

காரணம் மேலே சொன்ன உடலமைப்பிலேயே இருக்கிறது. புழு இலைக்கட்டுக்குள் மூடிக்கொண்டு கிடக்கிறது. நஞ்சு அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. குளவியோ நாள் முழுதும் தண்டிலும் இலையிலும் நடந்து தேட வேண்டியது. ஒவ்வோர் அடியிலும் அதன் காலிலுள்ள மெழுகுப்பூச்சு நஞ்சை உள்ளே இழுக்கிறது. பொதுவாகவே தின்னும் பூச்சி எண்ணிக்கையில் அதிகம், வேகமாகப் பெருகும். அதைத் தின்று வாழ்வது எண்ணிக்கையில் குறைவு, இரை திரும்பிப் பெருகிய பிறகுதான் தானும் பெருக முடியும். இரண்டையும் ஒரே நாளில் கொன்றால் முதலில் மீள்வது எது என்பது மருந்து அடிக்கும் முன்பே தெரிந்த விஷயம். டீல்ட்ரின் பின்னர் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலகளவில் தடைசெய்யப்பட்ட முதல் பன்னிரண்டு நஞ்சுகளில் ஒன்றாயிற்று.

அந்தக் காலத்து ஆட்களை எளிதில் குறை சொல்லிவிட முடியாது. 1934-35 மலேரியாவை நேரில் கண்ட தலைமுறை அது. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணலிடையே தேங்கிய குட்டைகளில் அனோஃபிலிஸ் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல், கண்டிப் பக்கங்களில் ஊர் ஊராக மக்கள் விழுந்தார்கள். நாடு முழுதும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1946இல் வீடுகளுக்குள் டி.டி.டி. அடிக்கத் தொடங்கியதும் நோய் சரசரவெனக் குறைந்தது. 1963இல் நாட்டில் மலேரியா கண்டவர்கள் 17 பேர் மட்டுமே. அந்த மருந்தை நம்பாமல் யார் இருந்திருப்பார்கள்? ஆனால் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்ததும் 1969இல் நோயாளிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். நுளம்புகளும் மருந்தைத் தாங்கப் பழகிவிட்டன. குறுகிய ஆயுள், நிறைய முட்டை, ஒவ்வொரு தலைமுறையிலும் தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகள் என்று பூச்சியின் வாழ்க்கை முறையே எதிர்ப்புச் சக்தியை விரைவில் உருவாக்கிவிடும். 2016இல் மலேரியா அற்ற நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டபோது அதற்குப் பின்னால் இருந்தது மருந்து மட்டும் அல்ல. காய்ச்சல்காரர் ஒவ்வொருவரையும் இரத்தம் சோதித்துத் தேடிப் பிடித்த சுகாதார ஊழியர்களின் உழைப்பு அது.

தேயிலையில் நாம் இழந்தது என்ன என்று சொல்ல முடிந்தது அந்தக் குளவியை முன்பே அறிந்திருந்ததால்தான். அறியாமலே இழப்பவை எத்தனையோ. கண்டியிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிரான்ஸ் நாட்டு அறிஞர் சிமோன் 1890களின் தொடக்கத்தில் கண்டிப் பக்கம் சேகரித்த ஒரு சிறு மஞ்சள் எறும்புக்கு 1893இல் இத்தாலியரான எமெரி, அனியூரெட்டஸ் சிமோனி என்று பெயர் வைத்தார். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் கூட வாழ்ந்து, இன்று அம்பர் கற்களில் காணக்கிடைக்கும் ஓர் எறும்புக் குடும்பக் கிளையின் கடைசி உயிருள்ள இனம் அது. 1955இல் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் அதைத் தேடி இலங்கைக்கு வந்தார். கண்டி நகரை ஒட்டிய உடவத்தகலைக் காட்டில் தேடினார், கிடைக்கவில்லை. இரத்தினபுரிப் பக்கக் காட்டில்தான் உக்கிய குச்சிக்குள் கண்டார். தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறும் அந்த 104 ஹெக்டேர் காட்டை நகரவாசிகள் நடைப்பயிற்சிக்கான இடமாக மட்டும் பார்க்கிறார்கள். உக்கும் மரமும் சருகும் அள்ளப்படாமல் கிடக்க வேண்டிய இடம் அது.

சருகு என்றதும் கொக்கோ நினைவுக்கு வருகிறது. கண்டி, மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் கொக்கோப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல, குண்டூசித் தலையளவுள்ள ஒரு சிற்றீ. அது முட்டையிட்டு வளர்வது உக்கும் சருகிலும் அழுகும் கொக்கோ ஓட்டிலும். தோட்டத்தைத் துப்புரவாகப் பெருக்கி வைப்பவருக்குக் காய் குறைவது இதனால்தான்.

1935இல் செய்ததை நாம் மறந்துவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2008இல் இலங்கையிலும் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி 2009இல் இலங்கையிலும் 2010இல் தமிழ்நாட்டிலும் விடப்பட்டது. இரண்டு இடத்திலும் மாவுப்பூச்சி அடங்கியது. அதற்கு மேலும் மேலும் மருந்து அடித்தவர்கள் செய்ய முடியாததை அந்தக் குளவி செய்தது.

2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரேயடியாகத் தடைசெய்து, அதே வருட நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. மருந்து வேண்டும் என்று ஒரு பக்கமும் வேண்டாம் என்று ஒரு பக்கமும் சண்டை நடந்தது. எந்தப் பூச்சியை எந்தப் பூச்சி தின்கிறது, அது எந்தப் பருவத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் கேட்கவே இல்லை. அது தெரியாமல் மருந்து அடிப்பதும் தவறு, அது தெரியாமல் மருந்தை நிறுத்துவதும் தவறு என்பது என் முடிவு.

இரண்டு காரியம் உடனே செய்யலாம். ஒன்று பறிப்பவர்களின் பாதுகாப்பு: காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்களை மலைக்கு அனுப்புமுன், பழகிய ஒருவர் போய்க் கூடு இருக்கிறதா என்று பார்த்து அடையாளம் வைக்கட்டும். தோட்ட வைத்தியசாலைகளில் ஒவ்வாமை அதிர்ச்சிக்கான அட்ரினலின் ஊசி எப்போதும் இருக்கட்டும். கொழுந்து பறிப்பவரின் உயிருக்கு ஆபத்து இருக்கும்வரை குளவியின் நன்மையை அவரிடம் பேச நமக்கு உரிமை இல்லை. மற்றது தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு: தேயிலையில் பிணைந்து கிடக்கும் இலைக்கட்டு ஒன்றைப் பறித்து, கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வகுப்பில் வையுங்கள். தின்னப் புதிய இலை போட்டு வாருங்கள். சில வாரத்தில் அதிலிருந்து வருவது அந்தா குளவியா என்று பிள்ளைகளே பார்த்து எழுதட்டும்.